பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு

(பல்கலைக்கழக அனுமதி பெற்ற எமது மாணவியரின் பெற்றோரை வரவேற்றுப் பழைய மாணவியர் சங்கம் கல்லூரி மண்டபத்தில் நடத்திய ஒன்றுகூடலில், சங்க உறுப்பினரான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மண்டபத்தில் வழமையாகப் பிள்ளைகளுக்குத்தான் பாராட்டு விழா நடக்கும். இன்று நான் பெற்றோருடன் பேச வந்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்திலே அறிமுக நிகழ்ச்சி வைப்பார்கள். நூலகம் எங்கே, பீடாதிபதி யார், எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். நாங்களோ பதிவு நாளன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விடுதி வாசலில் வைத்துவிட்டுப் பின்னேர பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அடுத்த நாலு ஐந்து வருஷம் அம்மாவும் அப்பாவும் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கத்தான் இந்தச் சந்திப்பு.

நான் 2000ஆம் ஆண்டு மட்டக்களப்பிலிருந்து மலைநாட்டுக்குப் படிக்கப் போனேன். யுத்த காலம். ஒரு றங்குப் பெட்டி, ஒரு பாய், அம்மா போத்தலில் அடைத்துத் தந்த கருவாட்டுச் சம்பல், அடையாள அட்டை. வழியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டி, நடந்து போய்த் திரும்ப பஸ் ஏற வேண்டும். மன்னம்பிட்டியில் ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தால் போன காலம் அது. என் அப்பா உப தபாற்கந்தோர் ஒன்றில் வேலை செய்தவர். என்னை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமைக்கு ஒரு தபாலட்டை வரும் புள்ள. நீயும் எழுது."

விடுதியில் என் அறைத்தோழி குருநாகலைச் சேர்ந்த ஒரு சிங்களப் பிள்ளை. எனக்குச் சிங்களம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அவளுடைய அம்மா அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று, தன் மகளுக்குக் கொண்டுவந்த கிரிபத்தில் பாதியை எனக்கும் இலையில் வைத்துத் தந்தார். போகும்போது என் தலையிலும் கையை வைத்து ஏதோ சொன்னார். அது என்னவென்று அன்று எனக்கு விளங்கவில்லை. நாலைந்து மாதம் கழித்துத்தான் தோழியிடம் கேட்டேன். "இவளுடைய அம்மா தூரத்தில் இருக்கிறார், நீ பார்த்துக்கொள்" என்று அவளிடம் சொன்னாராம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெற்றோர் செய்யக்கூடிய முதலாவது காரியம் இதுதான். விடுதி அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு வையுங்கள். அவர்களுடைய பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களைப் பதிவு நாளன்றே வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும்போது இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துக் கட்டுங்கள். வந்தாறுமூலையில் எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு வாடகைக்கு அறை கொடுத்திருப்பவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாமாரும் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

அடுத்ததாகப் படிப்பு. உயர்தரத்தில் மூன்று பாடங்களில் முதன்மையாக வந்த பிள்ளை, பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வந்து அனுமதி கிடைக்கும் வரை நீண்ட காலம் வீட்டில் காத்திருந்து, பிறகுதான் விரிவுரை மண்டபத்துக்குள் போகிறாள். படித்த பழக்கம் விட்டுப்போயிருக்கும். அங்கே அவளைச் சுற்றி இருக்கும் எல்லாரும் தங்கள் தங்கள் பாடசாலையில் முதலாம் பிள்ளைகள். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் என்று பல பீடங்களில் கற்பிப்பது ஆங்கிலத்தில். நான் தமிழில் உயிரியல் படித்துப் போனவள். கலம், இழையம், நாடி, நாளம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் விரிவுரையாளர் 'ஆட்டரி' என்றும் 'வெயின்' என்றும் சொல்லிக்கொண்டு போகும்போது, எது நாடி, எது நாளம் என்று நான் யோசித்து முடிக்குமுன் அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். தெரிந்த விஷயத்தையே தெரியாதவள்போல இருந்து கேட்ட அந்த மாதங்கள் என்னை மிகவும் சோர வைத்தன.

இப்போது பெரும்பாலும் செமஸ்டர் முறை. ஏறக்குறைய பதினைந்து வாரம் விரிவுரை, அதன்பின் பரீட்சை. நாள் கிடக்கிறது என்று இருந்தால் பரீட்சை வாசலில் வந்து நிற்கும். வரவும் முக்கியம். பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஆகவே கோயில் திருவிழா, சொந்தக்காரர் கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளையை வரச் சொல்லாதீர்கள். வராவிட்டால் பெரியம்மா கோபிப்பார்தான். அந்தக் கோபத்தை நீங்கள் சமாளியுங்கள்.

இனி, நான் இதுவரை மேடையில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இன்று என்னை அறிமுகம் செய்த சகோதரி என் பட்டங்களை வரிசையாக வாசித்தார். அந்த வரிசையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. மருத்துவ பீடத்தின் முதலாவது பெரிய பரீட்சையில் நான் உடற்கூற்றியலில் சித்தியடையவில்லை.

பெறுபேறு வந்த வாரம் அப்பாவின் தபாலட்டையும் வந்தது. "சோதினை எப்படி?" என்று கேட்டிருந்தார். "நன்றாகச் செய்தேன்" என்று பதில் எழுதினேன். அதற்கு அடுத்த வெள்ளியும் அப்படித்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற மூன்று மாதம் பொய் எழுதினேன். இரவில் நித்திரை இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. விரிவுரைக்குப் போகாமல் அறையிலேயே கிடந்தேன். ஊரில் என்னை அப்போதே 'டொக்டர்ப் பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரோடு எப்படி ஊருக்குள் போவது என்பதுதான் என் பயம் முழுவதும். என் வகுப்பில் என்னைப் போலவே தவறிய இன்னொரு பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. அவளுக்குச் சுகமில்லை என்று வீட்டார் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அவள் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. இன்று அவள் எங்கே என்று எனக்குத் தெரியாது.

விடுமுறையில் நானும் வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் கிணற்றடியில் அம்மாவிடம் அழுதுகொண்டு சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்கும் அது லேசான காரியம் அல்ல. கந்தோருக்கு வருகிற ஒவ்வொருவரும் என்னைப் பற்றி அவரிடம் விசாரிப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் பஸ் நிலையத்துக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் வெளிக்கிடும் நேரம் யன்னலடியில் வந்து நின்று சொன்னார்: "உண்ட சோதினைய நீ எழுது. ஊருக்குப் பதில் சொல்ற வேல என்ட."

இரண்டாம் முறை எழுதிச் சித்தியடைந்தேன். அந்தச் சொல் கிடைத்திராவிட்டால் நானும் திரும்பிப் போயிருக்கமாட்டேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அம்மாமாரே, அப்பாமாரே, உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். பிள்ளை போகுமுன்பே, நல்ல நாளிலேயே சொல்லி வையுங்கள்: "ஒரு பாடம் தவறினால் முதலில் எங்களிடம் சொல்." தவறிய பின் சொல்வதைவிட இப்போது சொல்வது சுலபம். தொலைபேசியில் பேசும்போது புள்ளிகளைக் கடைசியாகக் கேளுங்கள். சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா, இன்று யாரோடு இருந்தாய் என்பவற்றை முதலில் கேளுங்கள். நாளுக்கு மூன்று தரம் அழைத்தவள் திடீரென்று அழைக்காமல் விட்டாலும், பகலெல்லாம் படுக்கிறாள், விரிவுரைக்குப் போவதில்லை, ஒன்றிலும் விருப்பமில்லை என்று தோழிகள் சொன்னாலும், "சோம்பல்" என்று ஏசாதீர்கள். முடிந்தால் அடுத்த பஸ்ஸில் போய்ப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர்களும் சுகாதார நிலைய வைத்தியரும் இருக்கிறார்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம். அந்த இலக்கத்தை உங்கள் தொலைபேசியிலும் பிள்ளையின் தொலைபேசியிலும் இன்றே பதிந்து வையுங்கள்.

வைத்தியராக இன்னும் சில சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு போன்றவற்றை மறைக்காதீர்கள். நாளைக்குக் கலியாணத்துக்குத் தடையாகும் என்று மறைப்பவர்கள் உண்டு. அறையில் பிள்ளை மயங்கி விழும்போது என்ன வருத்தம் என்று தெரியாமல் மற்றப் பிள்ளைகள் தவிப்பார்கள். காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதால் பெண் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை வருவதை அடிக்கடி காண்கிறோம். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் அளவாகக் கொடுக்கலாம். ஐபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவாக இருந்தால் ஆபத்து. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பகிடிவதையைப் பற்றி நீங்கள் எல்லாரும் கேட்பீர்கள் என்று தெரியும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். அதற்கு இரண்டு வருஷம் வரை கடூழியச் சிறையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ ஏற்பட்டால் பத்து வருஷம் வரையும் தண்டனை உண்டு. "எல்லாருக்கும் நடக்கிறதுதானே, பொறுத்துப் போ" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளை சொல்வதை முழுவதும் கேளுங்கள். திகதியையும் இடத்தையும் எழுதி வைத்துப் பீடத்துக்கு அறிவியுங்கள். எங்கள் பிள்ளை அடுத்த வருஷம் அக்காவாகும்போது வேறொரு பிள்ளைக்கு அதைச் செய்யாமல் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1945இல் கன்னங்கரா காலத்தில் தொடங்கிய இலவசக் கல்வியால் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடு, பஸ், அச்சுப்பிரதி, அறை வாடகை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். மகாபொல புலமைப்பரிசிலுக்கும் நிதி உதவிக்கும் விண்ணப்பியுங்கள். ஆனால் விரிவுரை தொடங்கிய உடனே அது கைக்கு வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். முதல் சில மாதச் செலவுக்கு இப்போதே ஒரு வழி பார்த்து வையுங்கள். வீட்டில் காசுக் கஷ்டம் இருந்தால் பிள்ளைக்கு ஒளிக்காமல் அளவாகச் சொல்லுங்கள். அவளும் செலவைத் திட்டமிடப் பழகுவாள். தங்க நகையை அடகு வைத்துத்தான் அனுப்புகிறோம் என்பதை ஒவ்வொரு அழைப்பிலும் ஞாபகப்படுத்தாதீர்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று மட்டும். உங்கள் அம்மா வட்ஸ்அப்பில் அனுப்பும் 'குட் மோர்னிங்' பூப்படத்துக்குப் பதில் போடுங்கள். என் அப்பாவின் தபாலட்டைகள் இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றன. அப்பா இப்போது இல்லை. அவற்றுள் முக்கியமான செய்தி எதுவும் இல்லை. மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது என்றுதான் எழுதியிருக்கிறார். அந்த மூன்று மாதத்தில் நான் எழுதிய பொய்களையும் அவர் ஒரு நூலால் கட்டி வைத்திருந்ததைப் பின்னாளில் கண்டேன்.

இறுதியாக, இந்த உரையை நூற்றாண்டு மலரில் வாசிக்கப்போகும் பழைய மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். கண்டியில், கொழும்பில், யாழ்ப்பாணத்தில், ஒலுவிலில், வவுனியாவில் நீங்கள் வீடும் வேலையுமாக இருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு எமது கல்லூரிப் பிள்ளை ஒருத்தி வரும்போது, மாதத்தில் ஒரு ஞாயிறு அவளைக் கூப்பிட்டு எங்கள் ஊர்ச் சாப்பாடு கொடுங்கள். டொரன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் மாதம் ஒரு தடவை தொலைபேசியில் பேசி, அவளுக்கு ஆங்கிலம் பேசிப் பழக உதவலாம். பணம் அனுப்பும் கை எங்கள் சங்கத்தில் நிறைய உண்டு. ஒரு பிள்ளையின் பெயரை ஞாபகம் வைத்து விசாரிக்கும் அக்காமார்தான் இன்னும் தேவை. பெயரைத் தந்தால் சங்கச் செயலாளர் உங்களுக்கு ஒரு பிள்ளையின் பெயரைத் தருவார். எனக்கு இந்த வருஷம் படுவான்கரையிலிருந்து போகும் ஒரு பிள்ளையைத் தந்திருக்கிறார்கள். அவளும் தமிழில் உயிரியல் படித்தவள். நேற்றுப் பின்னேரம் எங்கள் வீட்டு மேசையில் இருவரும் இருந்து, நாடியையும் நாளத்தையும் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல பயணம் அமையட்டும்.