தடித்த கண்ணாடிக்குப் பின்னால்

(சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், கண் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் எனக்குப் பட்டம் 'சோடாப்புட்டி'. கரும்பலகை தெரியாமல் முன்வாங்கில் இருந்தவள்தான் இன்று கண் வைத்தியராக உங்கள் முன் நிற்கிறேன்.

மைனஸ் 6க்கு மேலே போனால் அது கடும் கிட்டப்பார்வை. கண்ணாடி தடிப்பது வெளியே தெரியும்; உள்ளே நடப்பது தெரியாது. ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமாக இருக்கவேண்டிய கண்கோளம் 26, 28 என்று நீண்டுவிடும். விழித்திரையும் கூடவே இழுபட்டு மெலியும். மெலிந்தது கிழியலாம். கிழிந்த வழியே நீர் புகுந்தால் அது சுவரைவிட்டுக் கழன்றுவிடும்.

லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள் இனிப் பயமில்லை என்று நினைக்கிறார்கள். அந்தச் சிகிச்சை முன்புறக் கருவிழியை மட்டுமே செதுக்குகிறது. நீண்ட கண் நீண்டபடியே இருக்கும்.

என்னோடு விடுதியில் இருந்த ஒருத்தியும் அப்படித்தான் நினைத்தாள். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். சொல்லச் சொன்னதும் அவள்தான். ஒரு கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது, பூச்சிகள் பறப்பதுபோலக் கரும்புள்ளிகள். நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்று 11 நாள் பொறுத்தாள். எனக்குத் தொலைபேசி எடுத்தபோது கறுப்புத் திரை நடுவரை வந்துவிட்டது. சத்திரசிகிச்சையில் விழித்திரை ஒட்டியது; நடுப்பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் கண்ணால் மகளின் முகம் கலங்கித்தான் தெரியும். மின்னல் வெட்டிய அன்றே வந்திருந்தால், கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடும்.

வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால். நேர்க்கம்பி நடுவில் வளைந்து தெரிந்தால் விழித்திரைக்கு அடியில் புது இரத்தக்குழாய் கசியலாம். அதற்குக் கண்ணுக்குள் ஊசி உண்டு. பெயரைக் கேட்டதும் ஓடாதீர்கள், மரக்கச் செய்துவிட்டுத்தான் ஏற்றுவோம். குளுக்கோமாவும் வெண்புரையும் இவர்களுக்குக் கூடுதலாக வரும். ஆகவே வருடம் ஒருமுறை கண்மணி விரிய மருந்து விட்டுப் பார்ப்பது அவசியம். அன்றைக்கு ஸ்கூட்டியை வீட்டில் விட்டு வாருங்கள்.

ரீச்சர்மாரிடம் ஒரு வேண்டுகோள். பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுக்காதீர்கள்.

தேநீர் வேளையில் மேடைக்குப் பக்கத்தில் நிற்பேன். கண்ணாடிச் சீட்டைக் கொண்டுவந்தவர்கள் வாருங்கள்.