ராஜபார்ட் மட்டும் போதுமா?

(மத்திகிரிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை, ஞாயிறு ஏட்டுக்காக எழுத்து வடிவில்)

அரசியல் பேசுவான் என்று எதிர்பார்த்து மத்திகிரித் திடலில் கூடியிருந்தவர்களுக்கு, நான் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசியது வியப்பாக இருந்திருக்கும். திடலுக்கு வர இயலாமல், இன்று திண்ணையிலே அமர்ந்து ஏட்டைப் பிரிக்கும் உங்களுக்கும் அதே வியப்பு எழலாம். "பந்தாட்டத்திலே அரசியல் ஏது?" என்று கேட்பீர்கள். கூலி எங்கே நிறுத்தப்படுகிறதோ, அங்கே அரசியல் உண்டு. கதவு எங்கே அடைக்கப்படுகிறதோ, அங்கே அரசியல் உண்டு. மக்களின் ஆசை எங்கே குத்தகைக்கு விடப்படுகிறதோ, அங்கேயும் அரசியல் உண்டு. இம்மூன்றும் இந்நாட்டுக் கால்பந்தில் நடந்தேறிவிட்டன. ஆகவே பேசினேன், ஆகவே எழுதுகிறேன்.

மத்திகிரி எல்லை ஊர். ஓசூரோடு ஒட்டி வளர்ந்த ஊர். இங்கிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கும் அப்பால். பெங்களூரோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆகவே இவ்வூர் இளைஞனுக்குக் கண்டீரவா விளையாட்டரங்கம் பக்கத்து வீட்டு முற்றம். சென்னை நேரு விளையாட்டரங்கம் தொலைவிலுள்ள தாய்வீடு. இரண்டின் கதையையும் அவன் அறிந்தாக வேண்டும்.

2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களை நினைவிலே நிறுத்துங்கள். 9ஆம் நாள், கோவை நேரு விளையாட்டரங்கில், சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. கிழக்கு வங்க அணியை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் பட்டத்தைச் சூடியது. 17ஆம் நாள், மும்பையிலே, பெங்களூர் அணி கோவா அணியை 1-0 என்று வென்று சூப்பர் லீக் பட்டத்தைச் சூடியது. எட்டே நாள் இடைவெளி. ஒரு நாடு, ஒரு விளையாட்டு, இரண்டு லீக், இரண்டு வெற்றி வீரர்கள்! வீட்டுக்கு ஒரு வாசல் இருக்கலாம், இரு வாசல் இருக்கலாம்; ஒரே வீட்டுக்கு இரண்டு தலைவாசல் எப்படி வந்தது?

கேளுங்கள் அந்தக் கதையை.

1996இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கிற்று. ஆலைகளும் வங்கிகளும் அணி நடத்திய காலம் அது. முதல் பட்டத்தை வென்றது பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. ஆலையின் அணி. நம் சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணி அந்த லீக்கிலே ஆடியது. பெங்களூரிலிருந்து ஐ.டி.ஐ.யும் எச்.ஏ.எல்.லும் ஆடின. 2007இல் அந்த லீக் ஐ-லீக் என்று பெயர் மாறியது. பெயர் மாறியதே தவிர நிலை மாறவில்லை. பார்வையாளர் குறைவு, தொலைக்காட்சி வெளிச்சம் குறைவு, செலவு மட்டும் மிகுதி. 2010இல் மகிந்திரா யுனைடெட் அணி கலைக்கப்பட்டது. 2011இல் ஜே.சி.டி. கலைக்கப்பட்டது. வென்ற அணிகளே விடைபெற்றுச் சென்றன!

இந்த வறட்சியிலேதான் குத்தகை பிறந்தது. 2010 டிசம்பரில், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, தன் வணிக உரிமைகளை 700 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டுகளுக்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்சு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்தக் குத்தகையின் விளைச்சல்தான் 2014 அக்டோபரில் எட்டு அணிகளோடு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக். இருந்த லீக்குக்கு மாற்றாக இன்னொரு லீக்!

தோழர்களே! நான் நாடகம் எழுதுகிறவன். கல்லூரிப் படியைப் பாதியிலே விட்டிறங்கி, மேடைப் படியில் ஏறியவன். எனக்குப் புரிந்த மொழியிலே சொல்லுகிறேன்.

நம் நாட்டு நாடகத்திலே இரண்டு முறை இருந்தது. ஒன்று கம்பெனி நாடகம். மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். கம்பெனியிலே சிறுவர்களைச் சேர்த்து, சோறிட்டு, பாட்டும் வசனமும் பயிற்றி, பல்லாண்டு உழைத்து நடிகர்களாக ஆக்கினார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் அவ்வாறு சிறுவர் சபை நடத்தியவர். ஸ்பெஷல் நாடகமோ வேறு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார்; ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார்; மேடையிலேதான் இருவரும் சந்திப்பர். இரவெல்லாம் கொட்டகை அதிரும். விடிந்தால் ராஜபார்ட் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். ஊரிலே மிஞ்சுவது பிடுங்கிய பந்தற்கால் குழி!

2014இலே நாம் கண்டது ஸ்பெஷல் நாடகம். இத்தாலியிலிருந்து டெல் பியரோ டெல்லிக்கு வந்தார். பிரான்சின் பிரேஸ் கோவாவுக்கும், திரெசகே புனேக்கும் வந்தனர். நம் சென்னைக்கு மாத்தெராச்சி வந்தார், நெஸ்தா வந்தார், பிரேசிலின் எலானோ வந்து 8 கோல் அடித்து, முதல் பருவத்தில் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையும் பெற்றார். உலகப் புகழ் படைத்தோர்! ஆனால், ஆடி முடித்த காலத்திலே வந்தோர்.

குற்றத்தை மட்டும் கூறுவது நேர்மையாகாது. அந்த ஸ்பெஷல் நாடகம் கூட்டம் சேர்த்தது. மின்விளக்கு ஒளியிலே, குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து பார்த்தனர். நம் வீரர்கள் முன்னெப்போதும் காணாத ஊதியம் கண்டனர். 2015இலும் 2018இலும் சென்னையின் எஃப்.சி. பட்டம் வென்றபோது தமிழ்நாடு மகிழ்ந்தது. 2017இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் அந்த லீக்கை ஏற்றுக்கொண்டது. இவற்றை மறுப்பவன் கண்ணிருந்தும் காணாதவன்.

ஆனால், கொட்டகைக்குக் கதவு ஒன்றே; அந்தக் கதவுக்குச் சாவி பணம் ஒன்றே. இதுதான் நம் வழக்கு.

ஐ-லீக்கிலே பட்டம் வென்ற சென்னை சிட்டி மேலே ஏற முடிந்ததா? இல்லை. ஏறுவதற்கு அன்று ஏணியே இல்லை. இந்த நிலை வருவதை முன்கூட்டியே கண்டு, 2016இலேயே கோவாவின் சல்கோகர், ஸ்போர்ட்டிங் ஆகிய பழம்பெரும் அணிகள் ஐ-லீக்கை விட்டு விலகின. வெற்றியால் மேலே ஏறும் ஏணி 2022-23 பருவத்திலேதான் வைக்கப்பட்டது. பஞ்சாப் அணி ஏறிற்று. அதற்குள் சென்னை சிட்டியின் நிலை என்ன? 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் ஆடவே இல்லை. அடைத்த கதவு ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் எண்ணிப் பாருங்கள்: வியாசர்பாடியின் நந்தகுமார் சேகரும், குமரிக் கடலோரத்து மைக்கேல் சூசைராஜும் ஆடி வளர்ந்த மேடை அது. அந்த மேடை சாய்ந்தால் இழப்பு யாருக்கு? ராஜபார்ட்டுக்கா? நம் வீட்டுப் பிள்ளைக்கா?

கதவுக்கு உள்ளே இருந்தோராவது நிலைத்தார்களா? புனே அணி 2019இல் மறைந்து, ஐதராபாத்திலே வேறு பெயரில் எழுந்தது. டெல்லி அணி அதே ஆண்டு ஒடிசாவுக்குக் குடிபெயர்ந்தது. ஐதராபாத் 2022இல் பட்டமே வென்றது. பின்னர் ஊதிய நிலுவையில் சிக்கி, 2025இல் டெல்லிக்குப் பெயர்ந்தது. வாடகை வீட்டுக்காரன் பாத்திரம் பண்டங்களோடு வீடு மாறுவதைப்போல அணிகள் ஊர் மாறின! அந்த அணியின் சட்டையை ஆசையோடு அணிந்த சிறுவனை ஏற்றிச் செல்ல வண்டியில் இடமில்லை.

இறுதியில் வந்தது 2025. ஜூலையிலே, அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று லீக்கை நடத்திய நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டிலே, பெங்களூர் அணி தன் முதல்நிலை வீரர்களுக்கும் பணியாளருக்கும் ஊதியத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி.யும் தன் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. அக்டோபரிலே, புதிய குத்தகைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். கேட்க ஒருவரும் வரவில்லை! டிசம்பர் 8இல் பழைய குத்தகை முடிந்தது. 2026 ஜனவரியில், சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்கள் உலகக் கால்பந்து அமைப்பை நோக்கி, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று முறையிட்டனர். அதன் பின்னரே, பிப்ரவரி 14இல் 14 அணிகளோடு ஆட்டம் தொடங்கும் என்று ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். ஒவ்வோர் அணியும் மற்ற அணியை ஒரே ஒருமுறை சந்திக்கும், 91 ஆட்டங்கள் கொண்ட குறுகிய பருவம்!

தோழர்களே! 15 ஆண்டுக் குத்தகை எந்நாளில் முடியும் என்பது, கையெழுத்திட்ட அன்றே தெரியும். புயல் சொல்லாமல் வரும். நிலநடுக்கம் சொல்லாமல் வரும். குத்தகையின் கடைசி நாள் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. அதற்கு முன்னேற்பாடு செய்யாதவர்களுக்கு ஊதியம் நிற்கவில்லை. பந்தை உதைத்தவனுக்கு நின்றது. புல் வெட்டியவனுக்கு நின்றது. சட்டை துவைத்தவனுக்கு நின்றது. ஓசூர்த் தொழிற்பேட்டையிலே ஒப்பந்தத் தொழிலாளியாகப் பணிபுரியும் தோழனுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டுமா? ஒப்பந்தம் முடிந்த மறுநாள் வாயிற்கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவன் எனக்குச் சொல்லலாமே!

இது நம் நாட்டு நோய் மட்டுமா? அன்று. உலகெங்கும் மாற்று லீக்குகள் இந்தக் காய்ச்சல் கண்டிருக்கின்றன.

1949இல் கொலம்பியாவின் லீக், உலக அமைப்பின் ஏற்பு இல்லாமலே, பிற நாட்டு வீரர்களை அள்ளிச் சேர்த்தது. அர்ஜென்டினாவில் வேலைநிறுத்தம் செய்த வீரர்கள் அங்கே சென்றனர். டி ஸ்டெஃபானோ சென்றார். பொன்னாடு என்றே அந்தக் காலத்தைப் புகழ்ந்தனர். 1951இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி 1954க்குள் அயலார் திரும்பியாக வேண்டியதாயிற்று. பொன்னாடு பொழுதோடு மறைந்தது.

1975இல் பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்குச் சென்றார். 1977இல் ஓர் ஆட்டத்துக்கு 77,000 பேருக்கு மேல் திரண்டனர். அந்த மயக்கத்திலே வட அமெரிக்க லீக் 24 அணிகளாகப் பெருத்தது. 1984இல் மிஞ்சியவை 9. அத்தோடு முடிந்தது.

2012இல் மேற்கு வங்கத்திலே ஏலம் போட்டனர். கிரெஸ்போவை 8 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு எடுத்தனர், கன்னவாரோவையும் எடுத்தனர். ஆட வேண்டிய திடல்கள் ஆயத்தமாகவில்லை. ஒரே ஓர் ஆட்டம்கூட நடவாமல் அந்த லீக் ஒழிந்தது. மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தார்கள், மண்டபத்தை மறந்தார்கள்!

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 செல்வந்த அணிகள் தமக்கென்று தனி லீக் அறிவித்தன. பணம் இருந்தது, புகழ் இருந்தது. ஆனால் இங்கிலாந்தின் ரசிகர்கள் வீதிக்கு வந்தனர். மூன்றே நாளில் கட்டடம் சரிந்தது. பணத்தை வைத்து லீக் தொடங்கலாம். மக்களைப் பகைத்து நடத்த முடியாது என்று அந்த மூன்று நாள் உலகுக்குச் சொல்லிற்று.

ஒன்றிலே ஏற்பு இல்லை. ஒன்றிலே அளவு இல்லை. ஒன்றிலே திடல் இல்லை. ஒன்றிலே மக்கள் இல்லை. நம் சூப்பர் லீக்குக்கோ ஏற்பு கிடைத்தது, திடல் கிடைத்தது, மக்களும் வந்தனர். ஆனால் எல்லாவற்றையும் ஒரே குத்தகைக் கயிற்றிலே தொங்கவிட்டனர். கயிறு அறுந்த நாளில் எல்லாம் விழுந்தன.

நிலைப்பது எது? மத்திகிரிக்குத் தெரியும். குதிரை வளர்த்த பண்ணை இங்கே இருந்தது. பின்னர் அது கால்நடைப் பண்ணையாயிற்று. குதிரையை விலைக்கு வாங்க ஒரு நாள் போதும். குதிரையை வளர்க்கப் புல் வேண்டும், நீர் வேண்டும், பல ஆண்டுப் பொறுமை வேண்டும். லீக்கும் அப்படித்தான்.

மதுரையிலே 2016இல் சேது அணி பிறந்தது. மகளிர் அணி. மாத்தெராச்சி வரவில்லை, மின்னொளி விழா இல்லை. 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டு மகளிர் 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் கொண்டு வந்தனர். கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியிலே ஆடினார். பயிற்சியால் உயர்ந்த கம்பெனி நாடகம் இது!

ஆகவே நான்கு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: பருவம் தொடங்கும் முன்னரே, வீரரின், பணியாளரின் முழுப் பருவ ஊதியமும் பொதுக் கணக்கிலே வைப்புநிதியாகச் செலுத்தப்பட வேண்டும். செலுத்தாத அணிக்கு ஆட்டமில்லை.

இரண்டு: மாவட்ட லீக்கிலிருந்து உச்ச லீக் வரை ஒரே ஏணி வேண்டும். கிருட்டினகிரியில் வென்றவனும் ஒருநாள் கொல்கத்தாவில் ஆடலாம் என்ற வழி திறந்திருக்க வேண்டும்.

மூன்று: அணியிலே ஊராருக்குப் பங்கு வேண்டும். செருமனியிலே, அணியின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இங்கிலாந்தின் விம்பிள்டன் அணியை வேற்றூருக்குக் கொண்டு செல்ல முடிவானபோது, ரசிகர்களே 2002இல் புதிய அணி தொடங்கி, அடிமட்டத்திலிருந்து வென்று ஏறினர். ஊரார் கையிலுள்ள அணியை இரவோடிரவாக வண்டியில் ஏற்ற முடியாது.

நான்கு: திடல். அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 33ஆவது இனம் விளையாட்டு. உரிமை நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையதே. மனைப்பிரிவுகளும் பட்டறைகளும் பெருகும் ஓசூரிலே, பந்து உருள ஒதுக்கிய நிலம் பந்து உருளவே இருக்க வேண்டும்.

இவற்றைக் கேட்டு, "செலவாகுமே" என்பார்கள். ஆகும். கம்பெனி நடத்துவது ஸ்பெஷல் நாடகத்தைவிடக் கடினம், விளம்பரமும் குறைவு. ஆனால் முன்னதுதான் நடிகனை உருவாக்கும். பின்னது உருவானவனை வாடகைக்கு எடுக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த ஏட்டை மடித்து வைத்துவிட்டு, உங்கள் வட்டத்தைச் சுற்றி வாருங்கள். பிள்ளைகள் பந்தாட எத்தனை திடல் இருக்கின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கையை எழுதி மாமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள்; அடுத்த ஆண்டு மீண்டும் எண்ணுங்கள். குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

ராஜபார்ட் வரட்டும், மாலையிட்டு வரவேற்போம். ஆனால் கொட்டகை நம்முடையதாக இருக்கட்டும்; மேடையேறக் காத்து நிற்கும் பிள்ளை நம் தெருவின் பிள்ளையாக இருக்கட்டும்!