தந்தூரி அடுப்புக்கு இப்போ கடன் வேண்டாம்
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இராமேஸ்வரத்துக்கு வடநாட்டு யாத்திரிகர்கள் நிறைய வர்றாங்க. அக்னி தீர்த்தம், கோயிலுக்குள்ள 22 தீர்த்தம் எல்லாம் குளிச்சு முடிச்சா பசிக்கும். அவங்களுக்கு நான் ரொட்டி விற்கலாம், தந்தூரி அடுப்பு வாங்கக் கடன் கொடுங்கன்னு சில குழுக்கள் கேட்டிருக்கீங்க. முதல்ல வீட்டுல சுட்டுப் பாருங்க.

அரை கிலோ மைதாவுக்கு ஒரு சின்ன டம்ளர் தயிர், உப்பு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் மூணும் ஒவ்வொரு ஸ்பூன், சோடா உப்பு கால் ஸ்பூன், எண்ணெய் இரண்டு ஸ்பூன். வெதுவெதுப்பான தண்ணீர் தெளிச்சு, சப்பாத்தி மாவைவிட இளக்கமாப் பிசைஞ்சு, ஈரத்துணி மூடி 2 மணி நேரம் வைங்க. எட்டுப் பத்து ரொட்டி வரும்.

தேய்ச்ச ரொட்டியில ஒரு பக்கம் தண்ணீர் தடவி, அந்தப் பக்கம் ஒட்டுற மாதிரி காய்ந்த இரும்புக் கல்லில் போடணும். எண்ணெய் தடவாதீங்க. கொப்புளம் வந்ததும் கைப்பிடியைப் பிடிச்சு, கல்லைக் கவிழ்த்து தீயில காட்டுங்க. தந்தூரியிலயும் இதேதான், சுவத்துல ஒட்டி அனல்ல வேகுது. நான்ஸ்டிக் கல் ஆகாது, ரொட்டி அடுப்புல விழுந்துடும்!

ஆறினா ரொட்டி வறவறன்னு ஆயிடும். அதனால சுடச்சுடப் போட இடம் இருக்கான்னு பாருங்க. யாத்திரிகர்கள் பலர் வெங்காயம், பூண்டு தொடமாட்டாங்க; பருப்பைத் தனியா வையுங்க. விற்கறதுக்கு முன்னாடி உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவும் செய்யணும்.

கணக்கில மைதா விலையை மட்டும் எழுதுறோம். கேஸ், உங்க கூலி எங்கே? நாலு நாள் கணக்கை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க, அப்புறம் அடுப்பைப் பத்திப் பேசுவோம்.