ஊறுகாயும் சிறுநீரகமும்

பால்மரம் வெட்டப் போகும் நம் வீடுகளில் சோற்றுக்குத் துணை ஊறுகாய். சீனர் கடைக் கியாம் சாயும் அப்படியே. இவை சிறுநீரகத்துக்கு ஆகுமா?

புளிப்பைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை; உப்பைத்தான் கவனிக்க வேண்டும். கடுகுக் கீரையை உப்பில் ஊறவைத்தே புளிக்க வைக்கிறார்கள், உப்பில்லையேல் அழுகிவிடும். அந்த உப்பு உடம்பில் நீரைத் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. நாளடைவில் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. வலி தெரியாது, ஆபத்தே அதுதான்.

நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புப் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. குழம்பு, கருவாடு, கிச்சாப் எல்லாம் இந்தக் கணக்கில்தான். வியர்வையில் போன உப்புக்கு ஊறுகாய் வேண்டும் என்பார் நம்மில் உண்டு. அன்றாடச் சாப்பாட்டில் உள்ள உப்பே பெரும்பாலும் போதும்.

கியாம் சாயை நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்துப் பிழிந்து சமைப்போம். உப்பு ஓரளவு இறங்கும். மேற்கொண்டு உப்புப் போட வேண்டாம்.

சிறுநீரக நோய் கண்டவர்கள் ஊறுகாயை விட்டுவிடுவதே நல்லது. உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசிய உப்பும் அவர்களுக்கு ஆகாது. பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சு. அதில் போட்ட ஊறுகாயையும் தொடக்கூடாது. இனிப்புநீரோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது சிறுநீரையும் சோதித்துக்கொள்வோம்.