இலங்கை திவாலானது ஒரு மனிதரின் குற்றமா?
(ஆலை வாயில் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2022 ஜூலை 9ந் தேதி கொழும்பில் ஜனங்கள் திரண்டு ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ந் தேதி கோத்தபாய ராஜபக்ஷ நாட்டை விட்டே ஓடினார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா. “ஆளை விரட்டியாகி விட்டதே, அப்புறமும் அங்குள்ள தொழிலாளியின் கஷ்டம் ஏன் தீரவில்லை?” என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

முதலில் அவர் கணக்கில் எழுத வேண்டியதை எழுதி விடுவோம். 2019 நவம்பரில் பதவிக்கு வந்தவர், வந்த கையோடு கம்பெனிகளின் வருமான வரியை 28 சதவீதத்திலிருந்து 24க்கு இறக்கினார். மதிப்புக் கூட்டு வரியை 15லிருந்து 8க்கு. வரி குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து உல்லாசப் பயணிகள் வருவதும் நின்றது. புதுக் கடன் கொடுக்க வெளிநாட்டார் மறுத்தார்கள்.

பிறகு 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதிக்கு அடியோடு தடை! பெயர் இயற்கை விவசாயம். டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. மாற்று உரம் தயாரில்லை, வயலில் நிற்பவனை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. யூரியா இல்லாத பயிர் எப்படி மஞ்சளாய் நிற்கும் என்று நடவு நட்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் போகம் போயிற்று, தேயிலையும் குறைந்தது. இந்தப் பழியிலிருந்து அவருக்குத் தப்ப வழியில்லை.

ஆனால் கழுத்தை நெரித்த கடன்? அது அவர் ஒருவர் வாங்கியதல்ல. 1977ல் ஜெயவர்த்தனா சந்தையை அகலத் திறந்து விட்டார். இறக்குமதி பெருகிய வேகத்துக்கு ஏற்றுமதி பெருகவில்லை. 2007ல் மஹிந்த ராஜபக்ஷ சர்க்கார் முதன்முதலாக வெளிநாட்டுச் சந்தையில் 50 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. பின்னால் வந்த சிறிசேனா காலத்திலும் அதே வழிதான். பழைய பத்திரத்தை அடைக்கப் புதுப் பத்திரம். தண்டல்காரனுக்குக் கட்ட மீட்டர் வட்டிக்காரனிடம் போவது போல! எல்லாம் சீனாக் கடன் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் வெளிக்கடனில் பெரிய பங்கு இந்தப் பத்திரங்களே.

2022 ஜனவரியைப் பாருங்கள். பால் மாவுக்கும் காஸுக்கும் ஜனங்கள் கியூவில் நின்றார்கள். அப்போது தவணை வந்த பத்திரத்துக்கு 50 கோடி டாலரைச் சர்க்கார் எண்ணி வைத்தது! ஏப்ரல் 12ந் தேதி கையை விரித்தது. செப்டம்பரில் கொழும்பில் உணவு விலைகள் ஓராண்டுக்கு முன்னிருந்ததைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்ணுக்கு 2021ல் நிர்ணயித்த கூலி நாளைக்கு 1,000 ரூபாய்; விலைதான் ஏறியது.

2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளில் நால்வரின் தீர்ப்பாக, கோத்தபாய, மஹிந்த, பசில் ஆகிய சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் தலைவர்களும் பொறுப்பாளிகள் என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் நஷ்டஈடு கிடையாது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு மட்டும்.

கடன் பாரம் யார் தலையில் விழுந்தது? அதே 2023ல், ரணில் விக்கிரமசிங்க சர்க்கார் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, தொழிலாளர் பிராவிடண்ட் பண்டு வைத்திருந்த சர்க்கார் பத்திரங்களை வட்டி குறைந்த பத்திரங்களாக மாற்றினார்கள். 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதமாயிற்று. வங்கிகளிடம் இருந்த சர்க்காரின் ரூபாய்ப் பத்திரங்களைத் தொடவில்லை.