தாளக் கோல் யார் கையில்?

(அரியலூர், பெரம்பலூர் வட்டார ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கூலி பாக்கியைப் பற்றியும் மனைப் பட்டாவைப் பற்றியும் பேசுகிற இந்த மேடையில் இன்று சங்கீதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "வயிறு காய்கிற நேரத்தில் வாத்தியம் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பேசப் போவது பொழுதுபோக்கைப் பற்றியல்ல. பலர் கூடி உழைக்கும் இடத்தில் முன்னின்று நடத்துகிற உரிமை யாருக்கு என்பதைப் பற்றியே பேசப் போகிறோம். அந்தக் கேள்வி ஆலையிலே உண்டு, வயலிலே உண்டு, வாத்தியக் கோஷ்டியிலும் உண்டு.

நடத்துநர் என்பவர் யார்?

ஆர்க்கெஸ்ட்ரா என்பது எழுபது, எண்பது, சில சமயம் நூறு வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசிக்கிற பெரும் கோஷ்டி. அவர்களுக்கு முன்னால் கையில் ஒரு சிறு கோலோடு ஒருவர் நிற்கிறார். அவரைக் கண்டக்டர் என்கிறார்கள். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் அல்ல! இவர் எந்த வாத்தியத்தையும் வாசிப்பதில்லை. யார் எப்போது தொடங்குவது, எங்கே ஓங்குவது, எங்கே அடங்குவது, வேகம் என்ன என்பதைக் கையாலும் கண்ணாலும் சொல்கிறார். அத்தனை வாத்தியங்களுக்கும் எழுதப்பட்ட இசைக் குறிப்பு முழுவதையும் அவர் முன்கூட்டியே படித்து மனதில் வாங்கியிருக்க வேண்டும்.

இந்த வேலை நமக்குப் புதியதா? இல்லை. நடவு வயலில் ஒரு தாய் முன்பாட்டு எடுக்கிறாள். இருபது பேர் பின்பாட்டுப் பாடுகிறார்கள். பாட்டின் வேகத்துக்குக் கை ஓடுகிறது. பறைக் குழுவில் முன்னால் நிற்பவர் அடியை மாற்றினால் மற்றவர்களும் அந்தக் கணமே மாற்றுகிறார்கள். பெயர் இல்லை, சம்பளம் இல்லை. ஆனால் வேலை அதே வேலைதான்.

காரல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் இதே உதாரணத்தைக் கையாண்டிருக்கிறார். தனியாக வயலின் வாசிப்பவர் தம்மைத் தாமே நடத்திக் கொள்கிறார். பலர் சேர்ந்து வாசித்தால் நடத்த ஒருவர் தேவை என்கிறார். அந்த நடத்துநர் வாத்தியங்களுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் காட்டுகிறார். அதாவது, வழிநடத்துவது ஒரு உழைப்பு. அது சொத்துக்காரனின் பிறப்புரிமை அல்ல.

1922-ல் மாஸ்கோவில் பெர்சிம்ஃபான்ஸ் என்ற வாத்தியக் கோஷ்டி அமைந்தது. நடத்துநரே வேண்டாம் என்று கலைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தார்கள். 1932 வரை அது நடந்தது. ஆனால் அதற்கு ஒத்திகை அதிகம் வேண்டியிருந்தது. எப்படி வாசிப்பது என்று கலைஞர்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது. வழிநடத்தும் வேலை மறைந்துவிடவில்லை, பலருக்குப் பங்கிடப்பட்டது. நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? இந்த வேலை மந்திரமல்ல. கற்றுக் கொண்டால் யாரும் செய்யலாம்.

கதவு எங்கே அடைபடுகிறது?

பிறகு ஏன் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அந்த மேடையில் நிற்பதில்லை? இரண்டு காரணங்களைச் சொல்வோம்.

முதலாவது, கருவி. வயலின் கற்க ஒரு வயலின் போதும். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம். நடத்துநரின் கருவியோ எண்பது மனிதர்கள்! அவர்கள் முன்னால் நின்று பழகினால்தான் தொழில் கைவரும். எண்பது பேரின் ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது? பணம் உள்ளவன் பிள்ளை பழகுகிறான்; மற்றவன் கண்ணாடி முன் நின்று கையை ஆட்டிக் கொள்ள வேண்டியதுதான்.

உலகப் புகழ் பெற்ற நடத்துநர் சுபின் மேத்தா 1936-ல் பம்பாயில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் மேஹ்லி மேத்தா பம்பாய் சிம்பனி கோஷ்டியை நிறுவியவர். மகன் பதினாறாவது வயதிலேயே அந்தக் கோஷ்டியின் ஒத்திகையை நடத்தினார். மேத்தாவின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. கருவி வீட்டிலேயே இருந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

இரண்டாவது, முகம். 1970-களிலிருந்து அமெரிக்காவில் பல கோஷ்டிகள் புதிய வாத்தியக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்கின்றன. ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா என்று தெரியாது. காது மட்டுமே தீர்ப்புச் சொல்கிறது. ஆனால் நடத்துநரைத் திரை போட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் எல்லோர் கண்ணிலும் படுகிறவர். ஆகவே நிறத்தின் மீதும், பெண் என்பதன் மீதும், நம் நாட்டில் ஜாதியின் மீதும் உள்ள வெறுப்பு அவர் மீது நேராக வந்து விழுகிறது. வாசிக்க விடுவார்கள், உத்தரவிட விடமாட்டார்கள்.

டீன் டிக்ஸன் கதையைக் கேளுங்கள். 1915-ல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பர். நிற்க மேடை கிடைக்காததால் ஹார்லம் பகுதியில் தாமே ஒரு கோஷ்டி சேர்த்தார். 1941-ல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தினார். அப்படியும் சொந்த நாட்டில் ஒரு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1949-ல் வெளியேறினார். ஸ்வீடனில், ஜெர்மனியில், ஆஸ்திரேலியாவில் பெரிய கோஷ்டிகளுக்குத் தலைமை நடத்துநராக இருந்தார். 1970-ல்தான் அமெரிக்க மேடைக்கு விருந்தாளியாகத் திரும்ப முடிந்தது. இருபத்தோரு வருஷம்!

நம் வீட்டுப் பிள்ளைகள்

தமிழ்நாட்டுக்கு வருவோம். பண்ணைப்புரத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த சகோதரர்கள் நமது கட்சி மேடைகளில் பாடி வளர்ந்தவர்கள். அண்ணன் பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாடியதைப் பழைய தோழர்கள் இன்றும் சொல்வார்கள். தம்பி இளையராஜா சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக் குறிப்பைக் கற்றார். 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவருடைய சிம்பனியை ராயல் பில்ஹார்மோனிக் கோஷ்டி வாசித்தது. அதே வருஷம் ஜூலை 27-ல் நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதம மந்திரி முன்னிலையில் அவர் இசை நிகழ்ச்சி நடந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் ஒரு மேதை மதிலை ஏறிக் குதித்தார் என்பதால் மதில் இடிந்துவிட்டதாகுமா? மேதை அல்லாத, ஆனால் நல்ல திறமையுள்ள நூறு பிள்ளைகளுக்கு வாசல் வேண்டாமா?

வாசல் திறக்க முயன்ற ஒரு தோழரையும் நினைவு கொள்வோம். எம்.பி. சீனிவாசன் 1925-ல் பிறந்தவர், கம்யூனிஸ்ட். 1960-ல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னின்றவர். பிறகு சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உண்டாக்கி, பாரதி பாடல்களைப் பலர் சேர்ந்து பல குரல்களில் பாடும்படி பயிற்றுவித்தார். 1988 மார்ச்சில் இறக்கும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். தொழிலாளியின் கூலிக்குப் போராடியதும், கூடிப் பாடக் கற்பித்ததும் அவருக்கு வேறு வேறு வேலையாகத் தோன்றவில்லை.

அயல்நாட்டிலும் முயற்சிகள் உண்டு. வெனிசூலாவில் 1975-ல் ஹோஸே அந்தோனியோ ஆப்ரேயு தொடங்கிய இயக்கம், அரசாங்கப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியமும் ஆசிரியரும் கொடுத்தது. முக்கியமாக, கோஷ்டிகளையே கொடுத்தது. அதில் வளர்ந்த குஸ்தாவோ துதாமெல் 2009-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கோஷ்டிக்குத் தலைவரானார். மரின் ஆல்சப் என்ற அமெரிக்கப் பெண்மணி தாமே கோஷ்டி அமைத்துப் பழகி முன்னேறியவர். 2002-ல் இளம் பெண் நடத்துநர்களுக்கு உதவித் திட்டம் ஏற்படுத்தினார். தனியார் உதவியை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தர்மவான் மனம் மாறினால் தர்மம் நின்றுவிடும். உரிமை நிற்காது.

நாம் கோருவது என்ன?

பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் கற்பிக்கிறார்கள். நல்லது. அங்கே நான்கு விஷயங்கள் வேண்டும் என்று கோருகிறோம்.

ஒன்று: இசைக் குறிப்பு எழுதவும் படிக்கவும், குழுவை நடத்தவும் தனிப் பயிற்சி வேண்டும். பறையும் பேண்டு வாத்தியமும் அறிந்த பிள்ளைகளை அந்த அறிவுக்காகவே சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இரண்டு: கற்கும் காலத்தில் உதவித்தொகை வேண்டும். பருத்தி எடுக்கப் போனால் கிடைக்கும் கூலியை இழந்து எந்த வீட்டுப் பிள்ளையும் மூன்று வருஷம் படிக்க முடியாது.

மூன்று: பழகுவதற்குக் கோஷ்டி வேண்டும். மாதத்தில் சில நாள் வாத்தியக்காரர்களுக்கு நியாயமான கூலி கொடுத்து உட்கார வைத்து, மாணவரை முன்னால் நிறுத்த வேண்டும். இதில் நமது மேளக்காரர்களுக்கும் பேண்டுக்காரர்களுக்கும் வேலையும் கிடைக்கும்.

நான்கு: தேர்ந்தெடுக்கும் குழுவில் பெண்களும், தாழ்த்தப்பட்ட மக்களும், கலைஞர் சங்கப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். அரியலூர் மண்ணைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல் எடுத்து சிமெண்ட் ஆலைகள் லாபம் சேர்க்கின்றன. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷங்களின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் கலையும் அந்தப் பட்டியலில் உண்டு. நமது மண்ணில், நமது உழைப்பில் வந்த லாபம் அது. பெயர்ப் பலகை வைக்கவும் நிழற்குடை கட்டவும் மட்டுமா அது செலவாக வேண்டும்?

கூலிப் போராட்டத்தை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. எட்டு மணி நேர வேலைக்கும் நியாயமான கூலிக்கும் நாம் போராடுவது எதற்காக? மீதி நேரத்தில் மனிதனாக வாழ்வதற்குத்தானே!

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு சங்கக் கிளையிலும் பத்துப் பேர் சேர்ந்து பாடத் தொடங்குவோம். வாரம் ஒருவர் முன்னின்று நடத்தட்டும். முதலில் பெண் தோழர்கள் நடத்தட்டும். அடுத்த மே தினத்தில் அரியலூர், பெரம்பலூர்க் கிளைகள் ஒன்றாகக் கூடிப் பாட வேண்டும். அந்தக் கூட்டுக் குரலுக்கு முன்னால் நமது விவசாயத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி நின்று தாளக் கோலை உயர்த்த வேண்டும். அதற்கான வேலையை இந்த வாரமே தொடங்குவோம், தோழர்களே!