கல்லறையும் கப்பலும்

பண்டைய உலகின் அதிசயங்கள் ஏழு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று நின்ற இடத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. துருக்கி நாட்டின் தென்மேற்கு மூலையில், ஏஜியன் கடலோரத்தில், போத்ரும் என்னும் ஊர் இருக்கிறது. வெள்ளை வீடுகளும் படகுத்துறையும் நிறைந்த இவ்வூரே பழைய ஹாலிகர்னாசஸ். வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படும் ஹெரோடோட்டஸ் பிறந்த மண். வழிகாட்டி ஒருவருடன் ஒரு நாள் முழுவதும் அங்குள்ள பழஞ்சின்னங்களைச் சுற்றிப் பார்த்தேன்.

காலையில் முதலில் சென்றது ஊரின் மேற்கே உள்ள மிண்டஸ் வாயில். கி.மு. நான்காம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசின் ஆளுநனாக இருந்து, மன்னன் போலவே காரியா நாட்டை ஆண்டவன் மௌசோலஸ். அவன் எழுப்பிய நெடுமதிலின் எச்சம் இது. கி.மு. 334-இல் அலெக்ஸாந்தர் இந்நகரை முற்றுகையிட்டபோது இங்கே கடும்போர் நிகழ்ந்தது. இன்று அகழியில் புல் முளைத்திருக்கிறது.

அடுத்து, குன்றின் சரிவில் குடைந்த நாடக அரங்கு. அதன் கற்படிகளில் அமர்ந்தால் ஊர் முழுவதும் காலடியில் தெரிகிறது. துறைமுகத்தின் நடுவே ஒரு கோட்டை ஓங்கி நிற்கிறது. “அந்தக் கோட்டையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்” என்றார் வழிகாட்டி.

அங்கிருந்து இறங்கி, அதிசயம் நின்ற இடத்திற்குச் சென்றோம். கி.மு. 353-இல் மௌசோலஸ் இறந்தான். அவன் மனைவி ஆர்ட்டெமீசியா அவனுக்காகக் கட்டுவித்த கல்லறை ஏறத்தாழ 45 மீட்டர் உயரம் கொண்டது. 36 தூண்கள், அவற்றின்மேல் 24 படிகள் கொண்ட கூர்ங்கோபுரம், உச்சியில் நான்கு குதிரைகள் பூட்டிய தேர். கட்டி முடிவதற்கு முன்பே, கி.மு. 351-இல், அரசியும் மறைந்தாள். எனினும் சிற்பிகள் பணியை விட்டு அகலவில்லை. தங்கள் கலைக்கே அது நினைவுச் சின்னமாகும் என்று கருதி முடித்தார்கள் என ரோம அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பெருங்கல்லறைகளை ‘மௌசோலியம்’ என்று வழங்குவது இம்மன்னன் பெயரால்தான்.

இத்தனை சிறப்பையும் மனத்தில் தாங்கிச் செல்பவர் அங்கே காண்பது ஒரு பள்ளம்! பாறையில் வெட்டிய பெரும்பள்ளமும், சிதறிய தூண் துண்டுகளும், நிலவறையை நோக்கி இறங்கும் படிகளுமே எஞ்சியுள்ளன. சிற்பங்கள் எங்கே என்று கேட்டேன். “லண்டனில்” என்றார் வழிகாட்டி. சுவரில் பதித்திருந்த சிற்பப் பலகைகள் 1846-இலும், சார்லஸ் நியூட்டன் என்பவர் 1856 முதல் அகழ்ந்தெடுத்தவை அதன் பின்னரும் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அப்படியானால் கட்டடம் எங்கே? அதற்கு விடைதான் அந்தக் கோட்டை.

நிலநடுக்கங்களால் சரிந்து கிடந்த இக்கல்லறையைப் பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கு வந்த புனித ஜான் சபை வீரர்கள் கல் எடுக்கும் சுரங்கமாகவே கருதினர். கற்களைப் பெயர்த்துக் கோட்டைச் சுவரில் வைத்தனர். சலவைக்கற்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். 1522-இல் துருக்கிய சுல்தான் சுலைமானின் படையெடுப்புக்கு அஞ்சி, எஞ்சியவற்றையும் தோண்டினர். ஆனால் அவ்வாண்டின் இறுதியில் ரோட்ஸ் தீவு வீழ்ந்தது. உடன்படிக்கையின்படி இக்கோட்டையும் போரின்றியே துருக்கியர் கைக்கு மாறியது. ஓர் அதிசயத்தைத் தின்று வளர்ந்த சுவர், எதைக் காக்க எழுந்ததோ அதைக் காக்கவில்லை. பிற்பகலில் அக்கோட்டைச் சுவரருகே நின்று, கல்லறையின் பச்சை நிறக் கற்களை என் கையால் தொட்டுப் பார்த்தேன்.

நேயர்களே, அக்கோட்டை இப்போது கடலடித் தொல்பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. மௌசோலஸின் காலத்திற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், ஊலுபுருன் என்னும் முனையருகே ஒரு வணிகக் கப்பல் மூழ்கியது. 1982-இல் கடற்பஞ்சு எடுக்கும் ஒருவர் நீரடியில் விந்தையான உலோகக் கட்டிகளைக் கண்டு சொன்னார். 1984 முதல் 1994 வரை, 22,000-க்கும் மேற்பட்ட முறை மூழ்கி, ஆய்வாளர்கள் அக்கப்பலின் சரக்கை மேலே கொணர்ந்தனர். சுமார் பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், கருங்காலி மரம், யானைத் தந்தம், எகிப்திய அரசி நெஃபெர்டிட்டியின் பெயர் பொறித்த பொன் முத்திரை எல்லாம் கிடைத்தன. அக்கால வாணிகம் எத்தனை நாடுகளை இணைத்தது என்பதை அச்சரக்கு நமக்குக் கற்பிக்கிறது.

என்றும் நிலைக்க வேண்டுமென்று எழுப்பியது பள்ளமாயிற்று. எவரும் நினைவில் வைக்க எண்ணாத சரக்கு முழுமையாகக் கிடைத்தது. காரணம் எளியது. கல்லறை மனிதர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. கப்பலோ 45 மீட்டருக்கும் ஆழத்தில் கிடந்தது. கல்லறையிலும், மண்ணுக்குள் புதைந்த பகுதியே தப்பியது. டென்மார்க்கு அறிஞர் கிறிஸ்டியான் ஜெப்பெசென் 1966 முதல் அகழ்ந்தபோது, இறுதிச் சடங்கில் பலியிட்ட மாடு, ஆடு, கோழிகளின் எலும்புகள் நிலவறைப் படியருகே வைத்த இடத்திலேயே கிடந்தன.

நிலநடுக்கம் கல்லைக் கீழே தள்ளியதே தவிர, ஊரைவிட்டுத் துரத்தவில்லை. அதைச் சுண்ணாம்பாக்கியது அன்றைய அவசரத் தேவை. பழஞ்சின்னம் ஒன்றின் கல்லை வேறொரு பணிக்கு எடுக்க எவரேனும் கைவைக்கும்போது, அத்தேவை எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்க வேண்டும். போத்ருமில் அது ஓராண்டுகூட நிற்கவில்லை.